ஏஐ கத்துக்க எங்க ஆரம்பிக்கிறது? லட்சக்கணக்குல காசு கட்டாம, வரிசையா ஒரு வழி

நான் பி.காம். ஈரோட்டுல ஒரு துணி கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கமே போனதில்ல. ஏஐ கத்துக்கலாம்னு இறங்கினப்போ நான் திணறினது பாடத்துல இல்ல, எதை முதல்ல படிக்கறது எதை அப்புறம் வெச்சுக்கறதுங்கறதுல தான். யூடியூப்ல ஒருத்தர் கணக்கை முடிச்சுட்டு வாங்கன்னு சொல்றார், இன்னொருத்தர் பைத்தான்ங்கற கோடிங் மொழி தான் முதல்லன்னு சொல்றார், மூணாவது ஆள் இதெல்லாம் எதுக்கு என் கோர்ஸ்ல சேருங்க லிங்க் கீழ இருக்குன்னு சொல்றார். மாசக்கணக்குல இப்படியே போச்சு. இந்த அலைச்சல் அடுத்து வர்றவங்களுக்கு வேணாம்னு தான் எனக்கு வேலைக்கு ஆன வரிசையை இங்க எழுதறேன்.

என் கருத்து ஒண்ணு தான், முன்னாடியே சொல்லிடறேன். உங்க வேலையில, கடையில, வயல்ல, எங்கயோ தினம் உங்களைக் குடையற ஒரு கேள்வி இருக்கும், அதைக் கையில பிடிச்சுக்கிட்டு அதுக்குத் தேவையானதை மட்டும் படிங்க. காசு கட்டறதைக் கடைசிக்குத் தள்ளுங்க.

1. உங்களுக்கு எது வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க

ஏஐ கத்துக்கணும்னு வர்றவங்கள்ல மூணு விதம் இருக்காங்க. இப்ப பாக்கற வேலையை சீக்கிரமா, நல்லா முடிக்க ஏஐ டூல்ஸ் தெரிஞ்சா போதும்கறவங்க ஒரு வகை. டேட்டா, மெஷின் லேர்னிங் (பழைய டேட்டாவைக் காட்டி மெஷினையே கத்துக்க வைக்கறது) பக்கம் வேலை மாறணும்கறவங்க அடுத்தது. முறையா டிகிரியே படிக்கணும்கறவங்க மூணாவது. முதல் வகைக்கு இந்தக் கட்டுரையில 5 வரைக்கும் போதும், ஒரு மாசம் தாராளம். ரெண்டாவதுக்கு வேலைக்குப் போய்க்கிட்டே படிச்சா ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும். மூணு மாசத்துல ஏஐ இன்ஜினியர் ஆக்கறேன்னு யாராவது சொன்னா அங்க நிக்காதீங்க.

எழுதும்போது "ஏஐ கத்துக்கணும்"னு மட்டும் எழுதாதீங்க. "எந்த பார்ட்டி பில்லுக்கு லேட்டா பணம் தருவான்னு முன்கூட்டியே தெரியணும்", இது தான் நான் எழுதினது. உங்களுக்கு வேற இருக்கும். நர்சரி வெச்சிருந்தா எந்த இலையில நோய்னு தெரியணும், டியூஷன் எடுத்தா எந்தப் பையன் எந்த பாடத்துல சறுக்கறான்னு தெரியணும்.

2. கையில தயாரா வெச்சுக்க வேண்டியது

ஒரு ஜிமெயில் அக்கவுண்ட். இதுக்குன்னே தனியா ஒண்ணு தொடங்கினா நல்லது, ஏன்னா எல்லா தளத்துலயும் இதை வெச்சு தான் உள்ள போகணும், ஆஃபீஸ் மெயில்ல போனா வேலை மாறினதும் சர்டிபிகேட் எல்லாம் எடுக்க முடியாம போயிடும்.

பேரு. இதுல நெறைய பேர் மாட்டறாங்க. ஆதார்ல ஒரு மாதிரி, டென்த் மார்க்‌ஷீட்ல ஒரு மாதிரி, மெயில்ல செல்லப்பேருன்னு நம்ம ஊர்ல இனிஷியல் முன்னாடி பின்னாடி மாறி மாறி இருக்கும். எந்த பேர்ல ரெஜிஸ்டர் பண்றீங்களோ அதே தான் சர்டிபிகேட்ல பிரிண்ட் ஆகும், அப்புறம் மாத்தறது பெரும்பாடு. கடைசியில வர்ற சர்டிபிகேட் பரீட்சைக்கு எந்த ஐடியைக் கொண்டு போகப் போறீங்களோ அதுல இருக்கற பேரை அப்படியே எழுத்து மாறாம போடுங்க.

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வெள்ளை பேப்பர்ல போட்ட கையெழுத்து, ரெண்டையும் ஸ்கேன் பண்ணி சின்ன சைஸ்ல வெச்சுக்கங்க. ஃபீஸ்ல சலுகை கேக்கறதா இருந்தா சாதிச் சான்றிதழ் இல்ல மாற்றுத்திறனாளி சான்றிதழ், காலேஜ் ஐடி.

லேப்டாப் விஷயத்துல பயமுறுத்துவாங்க. கிராஃபிக்ஸ் கார்டு வேணும், ஒரு லட்சத்துக்கு வாங்குன்னு. வேணாம். 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் போதும். ஏன்னா கூகுள் கோலாப்னு ஒண்ணு இருக்கு, பிரவுசர்ல திறந்தா போதும், கணக்கு எல்லாம் கூகுளோட கம்ப்யூட்டர்ல நடக்கும், ஃப்ரீ. காகிள்ங்கற தளத்துலயும் அதே மாதிரி, வாரத்துக்கு 30 மணி நேரம் ஜிபியு (அந்த கிராஃபிக்ஸ் கார்டு தான்) ஃப்ரீயா தர்றாங்க, போன் நம்பர் வெரிஃபை பண்ணினா போதும். முதல் மூணு ஸ்டெப் போன்லயே முடியும், பைத்தான் வந்ததும் கீபோர்டு கண்டிப்பா வேணும்.

3. முதல் வாரம்: சாட்பாட்டை சோதிச்சுப் பாருங்க

சாட்ஜிபிடி, ஜெமினி, க்ளாட், எதையாவது ஒண்ணை ஃப்ரீ அக்கவுண்ட்ல திறங்க. எல்லாரும் அதுகிட்ட கவிதை எழுதச் சொல்லிப் பாப்பாங்க. நீங்க அப்படிப் பண்ணாதீங்க. உங்களுக்கு மட்டும் நல்லா தெரிஞ்ச ஒரு விஷயத்தைக் கேளுங்க. உங்க ஊர் ஏரிக்கு தண்ணி எங்க இருந்து வருது, உங்க தெரு மாரியம்மன் கோயில் திருவிழா எந்த மாசம், தேர் எந்தப் பக்கமா சுத்தும். நல்ல மாடல் (சாட்பாட்டுக்குள்ள இருந்து பதில் சொல்ற ஏஐயை இப்படித் தான் சொல்வாங்க) தெரியலன்னு சொல்லும். பல நேரம் சொல்லாது, அழகான தமிழ்ல, ஒரு தயக்கமும் இல்லாம, இல்லாத வாய்க்காலுக்கு பேர் வெச்சு எழுதிக் கொடுக்கும். அதைப் படிக்கும்போது உங்களுக்கு உடனே தப்புன்னு தெரியும். இப்ப யோசிங்க, உங்களுக்குத் தெரியாத விஷயத்துலயும் அதே குரல்ல தான் பேசும்.

அடுத்து வர்ற வார்த்தை எதுவா இருக்கும்னு கணிச்சு கணிச்சு எழுதறது தான் அதோட வேலை, உண்மையைத் தேடி எடுத்துத் தர்றது வேற வேலை. இது புரிஞ்சுட்டா பாதி ஏஐ புரிஞ்ச மாதிரி. 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீலுங்க சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை அப்படியே மனுவுல போட்டு கோர்ட்டுல தாக்கல் பண்ணினாங்க, அந்தத் தீர்ப்புகள் எதுவும் உலகத்துலயே இல்ல, 5,000 டாலர் அபராதம் விழுந்துச்சு. படிச்ச வக்கீலுக்கே இந்த நிலைமைன்னா ஜிஎஸ்டி செக்‌ஷன் நம்பர் கேக்கற நாம எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும்னு பாத்துக்கங்க. நான் சட்டப் பிரிவு, தேதி, மருந்து அளவு, பணக்கணக்கு இந்த நாலையும் அது சொன்னதா மட்டும் வெச்சு எங்கயும் எழுதறதில்ல.

எதுக்கு நல்லா உதவும்னா, எக்செல் ஃபார்முலா எழுதித் தர்றது, நீங்க எழுதின இங்கிலீஷ் மெயிலைத் திருத்தறது, 20 பக்க சர்க்குலரைக் கொடுத்து நமக்கு சம்பந்தப்பட்டது எந்தப் பக்கத்துலன்னு காட்டச் சொல்றது. அதுலயும் பக்கத்தைத் திறந்து நீங்க ஒரு தடவை படிங்க.

தமிழ்ல கேக்கறவங்களுக்கு ஒரு தகவல். இந்த மாடல்கள் வாக்கியத்தை டோக்கன்னு சின்னச் சின்னத் துண்டா வெட்டித் தான் படிக்கும். தமிழ் எழுத்தை இங்கிலீஷை விட ரொம்பப் பொடியா வெட்டும். 2024 மே மாசம் ஓப்பன்ஏஐ ஜிபிடி 4ஓ வெளியிட்டப்போ அவங்களே ஒரு தமிழ் வாக்கியத்தை உதாரணம் காட்டினாங்க, முன்னாடி 116 டோக்கன் ஆனது இப்ப 35ன்னு. நல்ல முன்னேற்றம் தான், இருந்தாலும் தமிழ்ல நீளமா பேசினா ஃப்ரீ லிமிட் சீக்கிரம் தீர்ந்து போறதுக்கு இது ஒரு காரணம். டோக்கனுக்கு காசு கட்டற மாதிரி ஏதாவது செய்யப் போறீங்கன்னா இதைக் கணக்குல வெச்சுக்கங்க.

ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மெண்ட், ஆஃபீஸ் சம்பளப் பட்டியல், அம்மாவோட ஸ்கேன் ரிப்போர்ட் இதையெல்லாம் உள்ள போடாதீங்க. செட்டிங்ஸ்ல டேட்டா கன்ட்ரோல், ப்ரைவசி மாதிரி பேர்ல இருக்கற இடத்துல நம்ம உரையாடலை ட்ரெய்னிங்குக்கு, அதாவது மாடலுக்குக் கத்துக் கொடுக்க, எடுத்துக்கறதை நிறுத்தற ஸ்விட்ச் இருக்கும், முதல் நாளே நிறுத்திடுங்க.

4. கோடிங் இல்லாம ஒரு மாடல் செஞ்சு பாருங்க

இந்த ஸ்டெப்பை யாரும் தாண்டிப் போகாதீங்க, ஒரு சாயங்காலம் தான் ஆகும். கூகுளோட டீச்சபிள் மெஷின், பிரவுசர்லயே ஓடும், ஃப்ரீ.

வேப்பிலை கொஞ்சம், கறிவேப்பிலை கொஞ்சம் எடுத்துக்கங்க. வேப்பிலையை சிவப்புத் துணி மேல வெச்சு ஒரு ஐம்பது போட்டோ, கறிவேப்பிலையை வெள்ளைத் தட்டு மேல வெச்சு ஒரு ஐம்பது போட்டோ. ரெண்டையும் ரெண்டு கிளாஸ்ல (தனித்தனி வகையா) போட்டு ட்ரெய்ன் பட்டனை அமுக்குங்க. ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும். காமிராவுல காட்டினா சரியா சொல்லும், நம்பிக்கை அளவு 99, 100 சதவீதம்னு பட்டை நிறைஞ்சு நிக்கும். இப்ப மாத்துங்க. கறிவேப்பிலையை எடுத்து அந்த சிவப்புத் துணி மேல வையுங்க. பெரும்பாலும் வேப்பிலைன்னு தான் சொல்லும், அதுவும் நல்லா உறுதியா. இலையே இல்லாம சிவப்புத் துணியை மட்டும் காட்டினாலும் வேப்பிலைன்னு சொல்லலாம்.

அது இலையைப் படிக்கல, துணியைப் படிச்சிருக்கு. நம்ம கொடுத்த படத்துல ரெண்டையும் பிரிக்க அது தான் சுலபமான வழி, அதைப் பிடிச்சுக்கிச்சு. இப்ப ரெண்டு இலையையும் துணி, தட்டு, தரை, கை, வெயில், ட்யூப்லைட்னு எல்லா இடத்துலயும் வெச்சு திரும்ப படம் எடுத்து ட்ரெய்ன் பண்ணுங்க, வித்தியாசம் தெரியும். இதை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா டேட்டா எப்படி சேகரிச்சாங்கங்கற கேள்வி உங்களுக்கு வாழ்க்கை பூரா மறக்காது. யார் வந்து எங்க ஏஐ 98 சதவீதம் சரின்னு சொன்னாலும் முதல்ல இதைத் தான் கேப்பீங்க.

5. நிஜமா எங்க ஓடுதுன்னு பாருங்க

நம்ம ஊர்லயே நல்ல உதாரணம் இருக்கு. சர்க்கரை நோய் இருக்கறவங்களுக்கு விழித்திரை கெட்டுப் போறதை கண்ணோட படத்தை வெச்சுக் கண்டுபிடிக்கற மாடலை கூகுள் ஆளுங்க பண்ணினாங்க, 2016ல மருத்துவ இதழ்ல வந்துச்சு, 1,28,175 படங்களை வெச்சு ட்ரெய்ன் பண்ணினது, ஒவ்வொரு படத்தையும் பல கண் டாக்டர்கள் பாத்து தரம் பிரிச்சாங்க. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, சென்னை சங்கர நேத்ராலயா ரெண்டும் அந்த ஆராய்ச்சியில கூட இருந்தாங்க, அப்புறம் அரவிந்த்ல நோயாளிங்ககிட்டயே பயன்படுத்தற அளவுக்குப் போச்சு. இங்க கவனிக்க வேண்டியது, டாக்டரை எடுத்துட்டு மெஷினை வைக்கறது இல்ல. பல்லாயிரம் பேர் படத்துல யாரை உடனே பெரிய டாக்டர்கிட்ட அனுப்பணும்னு பிரிச்சுக் கொடுக்கறது. காசநோய்க்கு நெஞ்சு எக்ஸ்ரே படிக்கற சாஃப்ட்வேரையும் 2021ல உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை பண்ணிச்சு, அதுலயும் இதே வேலை தான், 15 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு, சலிச்சு எடுக்கறதுக்கு.

தமிழுக்குன்னா ஐஐடி மெட்ராஸ்ல ஏஐ4பாரத்னு ஒரு குழு, அவங்களோட இண்டிக்ட்ரான்ஸ்2ங்கற மொழிபெயர்ப்பு மாடல் அரசியல் சட்டத்தோட அட்டவணையில இருக்கற 22 மொழிக்கும் வேலை செய்யும், யார் வேணா இறக்கிப் பயன்படுத்தலாம். மத்திய அரசோட பாஷினியும் இதே பக்கம் தான். ரெண்டையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

டூல்ஸ் தெரிஞ்சா போதும்னு வந்தவங்க இதோட நிறுத்திக்கலாம். வேணும்னா ஹெல்சின்கி யுனிவர்சிட்டி சேர்ந்து நடத்தற எலிமெண்ட்ஸ் ஆஃப் ஏஐ கோர்ஸை முடிங்க, ஃப்ரீ, இங்கிலீஷ்ல இருக்கும், கோடிங் வராது. காமர்ஸ்காரங்களுக்கு ஸ்வயம் ப்ளஸ்ங்கற மத்திய அரசோட ஆன்லைன் கோர்ஸ் தளத்துல ஐஐடி மெட்ராஸ் ஏஐ இன் அக்கவுண்டிங்னு ஒரு ஃப்ரீ கோர்ஸ் போட்டிருக்காங்க, அது நேரா நம்ம வேலைக்கு வரும்.

6. பைத்தான்

காகிள் லேர்ன்ல இருக்கற பைத்தான், பாண்டாஸ் (எக்செல் மாதிரி டேபிளை பைத்தான்ல கையாள்ற கருவி), இன்ட்ரோ டு மெஷின் லேர்னிங், இந்த மூணும் இதே வரிசையில. ஒவ்வொண்ணும் மூணுல இருந்து அஞ்சு மணி நேரம்னு போட்டிருப்பாங்க, நமக்கு அது மாதிரி ரெண்டு மூணு மடங்கு ஆகும், ஆகட்டும். பாடம் படிச்ச இடத்துலயே பயிற்சி இருக்கும், நீங்களே டைப் பண்ணணும், தப்பா இருந்தா எர்ரர் வரும். எர்ரர் மெசேஜோட கடைசி வரியை முதல்ல படிங்க, என்ன பிரச்சனைன்னு அங்க தான் இருக்கும்.

சாட்பாட்டை கோடு எழுதித் தரச் சொல்லலாமான்னு கேப்பீங்க. முதல் ஒரு மாசம் வேணாம். எர்ரரைக் கொடுத்து விளக்கச் சொல்லுங்க, கோடை மட்டும் நீங்களே எழுதுங்க. அப்புறம் தாராளமா எழுதித் தரச் சொல்லலாம், ஏன்னா அப்ப அது தப்பா எழுதினா உங்களுக்குத் தெரியும்.

கோலாப்ல ஒரு சிக்கல். கொஞ்ச நேரம் கை வைக்காம விட்டா கனெக்‌ஷன் போயிடும், அதுல அப்லோட் பண்ணின ஃபைலும் போயிடும். கூகுள் டிரைவை இணைச்சு அதுல சேவ் பண்ணுங்க, 15 ஜிபி ஃப்ரீ, போதும்.

7. உங்க சொந்த டேட்டாவை எடுங்க

கோர்ஸ்ல கொடுக்கற டேட்டா குளிச்சு தலை சீவி வந்த பிள்ளை மாதிரி இருக்கும். நம்ம ஆஃபீஸ் டேட்டா அப்படி இருக்காது, வேலையே அங்க தான் இருக்கு.

என் கேள்வியை வெச்சே சொல்றேன். டாலிங்கற அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர்ல இருந்து பில் லிஸ்ட்டை எக்செல்லுக்கு எடுத்தா மேல நாலு வரி கம்பெனி பேர், அட்ரஸ், அப்புறம் தான் தலைப்பு, கடைசியில டோட்டல் வரி. மேல கீழ ரெண்டையும் வெட்டணும், இல்லன்னா டோட்டலையும் ஒரு பில்லுன்னு எடுத்துக்கும். ஒரே பார்ட்டி முருகன் டெக்ஸ், ஸ்ரீ முருகன் டெக்ஸ், முருகன் டெக்ஸ்டைல்ஸ்னு மூணு பேர்ல இருக்கும், மெஷினுக்கு அது மூணு பேர். தேதி இன்னும் மோசம், 03-04-2024ங்கறது நமக்கு ஏப்ரல் 3, பாண்டாஸ் அதை மார்ச் 4ன்னு படிச்சுக்கிட்டு சத்தமே போடாம அடுத்த வரிக்குப் போயிடும். நாள் முதல்லன்னு நாம தான் அதுக்கு சொல்லணும். தமிழ்ல பேர் இருந்தா சிஎஸ்வி யுடிஎஃப் 8னு இருக்கற ஃபார்மட்ல சேவ் பண்ணுங்க, சாதா சிஎஸ்வியில போட்டா தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியா மாறிடும்.

வெளியில அப்லோட் பண்றதுக்கு முன்னாடி பார்ட்டி பேரை எல்லாம் பா1, பா2ன்னு மாத்திடுங்க, ஜிஎஸ்டி நம்பர், போன் நம்பர் இருக்கற நெடுவரிசையை (column) அழிச்சுடுங்க. முதலாளிகிட்ட கேட்டுட்டு எடுங்க, வாய் வார்த்தையா இல்லாம ஒரு மெயில்ல அனுமதி வாங்கிக்கறது ரெண்டு பேருக்கும் நல்லது.

இந்த சுத்தம் பண்ற வேலைக்கே பல வாரம் ஆகும். சலிச்சுப் போய் விட்டுடாதீங்க. ஏஐ வேலைன்னு சொல்றதுல பெரும் பங்கு இது தான், எந்த விளம்பரத்துலயும் இதைக் காட்ட மாட்டாங்க.

8. மாடல் போடறப்போ ரெண்டு பொறி

சைக்கிட் லேர்ன்ங்கற பைத்தான் லைப்ரரியில (தயாரா எழுதி வெச்ச கோடு தொகுப்பு) டிசிஷன் ட்ரீ, லாஜிஸ்டிக் ரெக்ரெஷன்னு கணிக்கற முறை ரெண்டு மட்டும் போதும் ஆரம்பத்துக்கு. டீப் லேர்னிங்ங்கற பெரிய, சிக்கலான மாடல்கள் பக்கம் இப்ப போகாதீங்க, சில ஆயிரம் வரி உள்ள டேபிளுக்கு அது தேவையே இல்ல.

முதல் பொறி. லேட்டா தருவானா மாட்டானான்னு கணிக்கற மாடல் 100க்கு 100 சரின்னு வந்தா சந்தோஷப்படாதீங்க, என்னென்ன நெடுவரிசை உள்ள இருக்குன்னு பாருங்க. பணம் வந்த தேதிங்கற நெடுவரிசை உள்ளயே இருக்கும். விடையைக் கேள்வித்தாள்லயே எழுதிக் கொடுத்த கதை. பில் போடற அன்னைக்கு உங்க கையில என்ன தகவல் இருக்குமோ அதை மட்டும் உள்ள விடுங்க, பில் தொகை, பார்ட்டி, மாசம், போன பில்லுக்கு எத்தனை நாள் இழுத்தான், அவ்வளவு தான். அந்தத் தேதி நெடுவரிசையை எடுத்ததும் மார்க் சரசரன்னு இறங்கும், அது தான் உண்மையான மார்க்.

ரெண்டாவது, 100 பில்லுல 90 பில்லுக்கு சரியா பணம் வந்துடுதுன்னு வையுங்க. எல்லாரும் சரியா தருவாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்ற மாடலுக்கே 90 சதவீதம் வந்துடும். ஆனா உங்களுக்கு வேணுங்கற அந்த 10 பேரை அது ஒருத்தரைக் கூட பிடிக்கல. அதனால எத்தனை சதவீதம் சரின்னு பாக்கறதை விட, லேட் பார்ட்டிங்கள்ல எத்தனை பேரைப் பிடிச்சுது, நல்ல பார்ட்டி எத்தனை பேரை சும்மா சந்தேகப்பட்டுதுன்னு தனித்தனியா எண்ணுங்க.

சொந்த டேட்டா இல்லாதவங்க காகிள்ல டைட்டானிக் போட்டியை எடுங்க, 891 பயணிகள் விவரம் இருக்கும், யார் பொழைச்சாங்கன்னு கணிக்கணும். பொம்பளைங்க எல்லாரும் பொழைச்சாங்க ஆம்பளைங்க எல்லாரும் இறந்தாங்கன்னு ஒரே வரியில சொன்னாலே 76 சதவீதத்துக்கு மேல கிடைக்கும். உங்க மாடல் அதைத் தாண்டுதான்னு பாருங்க. லீடர்போர்டுல முழு மார்க் வாங்கினவங்களைப் பாத்து மனசு ஒடிஞ்சு போகாதீங்க, அந்தக் கப்பல் பயணிகள் பட்டியல் இணையத்துலயே கிடைக்கும், பாத்து எழுதினது.

9. காசு கேக்கற இடங்கள்

இங்க தான் நம்ம பிள்ளைங்க அதிகமா மாட்டறாங்க, மனசு வேகுது, அதனால நீளமா எழுதறேன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், டிகிரி முடிச்சு வேலை தேடிக்கிட்டு இருந்தவன், ஒரு கோச்சிங் சென்டர்ல ஏஐ கோர்ஸுக்கு சேர்ந்தான். ஃபீஸ் லட்சத்துக்கு மேல, மாசாமாசம் கட்டலாம், வேலை கிடைச்சதும் சம்பளத்துல கட்டிக்கலாம்னு சொன்னாங்க. அட்மிஷன் ஃபார்ம்னு சொல்லி டேப்லெட்ல ஓடிபி வாங்கினாங்க. அது அட்மிஷன் ஃபார்ம் இல்ல, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில அவன் பேர்ல போட்ட லோன். கிளாஸ் சரியில்லன்னு ரெண்டாவது மாசம் நின்னுட்டான். சென்டருக்கு முழுப் பணமும் முதல்லயே போயிடுச்சு, இஎம்ஐ மட்டும் இவன் தலையில. கட்டாம விட்டதுல சிபில் ஸ்கோரும் அடி வாங்கிடுச்சு.

அதனால, எந்த இடத்துல சேர்ந்தாலும் இஎம்ஐங்கற வார்த்தை வந்ததும் லோன் யார் பேர்ல, எந்த கம்பெனியில இருந்துன்னு கேளுங்க. கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்னு ஒரு பேப்பர் லோன் கொடுக்கறவங்க கட்டாயம் தரணும், ரிசர்வ் பேங்க் விதி, அதுல வட்டி, மொத்த செலவு எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். ஆன்லைன்ல எடுக்கற லோனுக்கு கூலிங் ஆஃப்னு கொஞ்ச அவகாசமும் உண்டு, அது எத்தனை நாள்னு அந்த பேப்பர்லயே போட்டிருக்கும், அதுக்குள்ள அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கொடுத்துட்டு அபராதம் இல்லாம வெளிய வந்துடலாம். ரீஃபண்ட் எப்ப உண்டு எப்ப இல்லன்னு எழுத்துல வாங்குங்க. நூறு சதவீதம் வேலை கேரண்டின்னா அந்த வார்த்தையை அக்ரிமெண்ட்ல எழுதித் தரச் சொல்லுங்க, பெரும்பாலும் அங்க ப்ளேஸ்மெண்ட் உதவின்னு தான் இருக்கும், ரெண்டும் ஒண்ணு இல்ல. ஓடிபி கேட்டா அந்த மெசேஜை முழுசா படிக்காம சொல்லாதீங்க.

அடுத்தது ஃப்ரீ ட்ரையல். ஒரு மாசம் இலவசம்னு யுபிஐ ஆட்டோபே ஆன் பண்ண வைப்பாங்க. ட்ரையல் முடியற தேதியை அன்னைக்கே போன்ல அலாரமா போடுங்க. ஆப்பை டெலீட் பண்ணினா ஆட்டோபே நிக்காது, உங்க யுபிஐ ஆப்புல ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து பண்ணணும். பணம் எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி மெசேஜ் வரும், அதைக் கண்டுக்காம விடாதீங்க.

கோர்செராங்கற ஆன்லைன் கோர்ஸ் தளத்துல ஆண்ட்ரூ இங் நடத்தற மெஷின் லேர்னிங் ஸ்பெஷலைசேஷன் நல்ல கோர்ஸ், காசு இல்லன்னா ஃபைனான்ஷியல் எய்டுக்கு அப்ளை பண்ணலாம். ஏன் வேணும், எதுக்குப் பயன்படும்னு உங்க சொந்த வார்த்தையில எழுதுங்க, பதில் வர ரெண்டு வாரம் போல ஆகும், ஸ்பெஷலைசேஷனா இருந்தா ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனித்தனியா போடணும், அதனால ஒண்ணு படிச்சுக்கிட்டு இருக்கும்போதே அடுத்ததுக்குப் போட்டு வையுங்க.

10. சர்டிபிகேட் வேணும்னா என்பிடெல்

என்பிடெல்ங்கறது ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தற ஆன்லைன் கோர்ஸ் திட்டம், நான் காசு கட்டச் சொல்ற ஒரே இடம் இது. படிக்கறது ஃப்ரீ, பரீட்சை எழுத மட்டும் ஒரு கோர்ஸுக்கு ₹1,000. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு சலுகை உண்டு, சான்றிதழை அப்பவே அப்லோட் பண்ணணும்.

வருஷத்துக்கு ரெண்டு பேட்ச், ஜனவரியில ஒண்ணு, ஜூலையில ஒண்ணு. சேர்றதுக்கான கடைசி நாள் அந்தந்த மாசக் கடைசி வாக்குல வரும், போயிட்டா ஆறு மாசம் காத்திருக்கணும். மத்திய அரசோட ஸ்வயம் தளத்துல போய் என்ரோல் பண்ணுங்க. இதுல முக்கியமா, என்ரோல் பண்றது வேற, எக்ஸாமுக்கு ரெஜிஸ்டர் பண்றது வேற. எல்லா பாடமும் பாத்து அசைன்மெண்டும் போட்டுட்டு எக்ஸாம் ஃபார்மைத் தனியா போடணும்னே தெரியாம விட்டவங்க நெறைய பேர். கோர்ஸ் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல ஃபார்ம் திறக்கும், மெயில் வரும், ப்ரமோஷன்ஸ் டேபுக்குள்ள போய் விழுந்து கிடக்கும், அங்கயும் பாருங்க. ஊரை சீக்கிரம் தேர்ந்தெடுங்க, பக்கத்து ஊர் சென்டர் நிறைஞ்சா தூரமா போக வேண்டி வரும்.

மார்க் கணக்கு இப்படி. வாராவாரம் அசைன்மெண்டுக்கு 25, எக்ஸாமுக்கு 75. அசைன்மெண்டுல 10, எக்ஸாம்ல 30, ரெண்டையும் தனித்தனியா எடுத்தா தான் சர்டிபிகேட். 12 வார கோர்ஸ்ல நல்லா பண்ணின 8 அசைன்மெண்டை எடுத்துக்குவாங்க, அதனால வருஷ முடிவுக் கணக்கு நேரத்துல ஒண்ணு ரெண்டு வாரம் தவறினாலும் பயப்பட வேணாம். சாதாரணமா புதன்கிழமை ராத்திரி தான் கடைசி நேரம், செவ்வாய்க்கிழமையே போட்டுடுங்க.

புதுசா வர்றவங்க ஐஐடி ரோப்பரோட ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான் எடுக்கலாம், 12 வாரம், ரொம்ப பொறுமையா சொல்லித் தருவாங்க. அது முடிச்ச பிறகு ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் ரவீந்திரன் நடத்தற இன்ட்ரொடக்‌ஷன் டு மெஷின் லேர்னிங். அதுல கணக்கு கொஞ்சம் கனமா இருக்கும், பிளஸ் டூ மேட்ரிக்ஸ், நிகழ்தகவு ரெண்டையும் திரும்ப ஒரு தடவை பாத்துட்டு உக்காருங்க. காமர்ஸ் படிச்சவங்க இதை முதல் கோர்ஸா எடுக்காதீங்க.

பரீட்சை நேர்ல, சென்டருக்குப் போய் கம்ப்யூட்டர்ல எழுதணும், 3 மணி நேரம். ஹால் டிக்கெட் பிரிண்ட், ஒரிஜினல் ஐடி ரெண்டும் கையில இருக்கணும், போன்ல காட்டினா ஒத்துக்க மாட்டாங்க. எந்தெந்த ஐடி செல்லும்னு ஹால் டிக்கெட்லயே போட்டிருக்கும். ரிசல்ட் வர சில வாரம் ஆகும், சர்டிபிகேட் ஆன்லைன்ல தான், யார் வேணா சரிபார்க்கற மாதிரி இருக்கும்.

டிகிரியே வேணும்கறவங்களுக்கு ஐஐடி மெட்ராஸோட பிஎஸ் டேட்டா சயின்ஸ் இருக்கு. ஜேஇஇ வேணாம், பிளஸ் டூ எந்த குரூப்பா இருந்தாலும் சரி, டென்த்ல கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருக்கணும். அப்ளை பண்ணினா நாலு வாரம் பாடம் நடத்தி அதுலயே குவாலிஃபையர் எக்ஸாம் வைப்பாங்க, அதுல பாஸ் ஆனா சேரலாம். டிகிரி வரைக்கும் போனா மொத்த ஃபீஸ் லட்சக்கணக்குல வரும், ஆனா ஒரே அடியா கட்ட வேணாம், எடுக்கற பாடத்துக்கு மட்டும் டேர்ம் டேர்மா கட்டலாம், நடுவுல டிப்ளமோவோட நின்னுக்கவும் வழி இருக்கு. வருமானம், பிரிவைப் பொறுத்து 75 சதவீதம் வரைக்கும் ஃபீஸ் குறைப்பும் உண்டு. அதுக்கு வருமானச் சான்றிதழை இ-சேவையில இப்பவே அப்ளை பண்ணிடுங்க, அப்ளிகேஷன் மூடற வாரத்துல போய் நின்னா விஏஓ, ஆர்ஐ கையெழுத்துன்னு இழுத்துக்கிட்டே போகும்.